புண் நோய் கண்ட பண்ணைக்குட்டையில் மறுபடியும் மீன் விடுவது எப்போது?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் மானாவாரி நிலங்களில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கும் விவசாயிகள், ஐப்பசி மழையில் நிரம்பும் நீரைப் பருத்திக்கும் மிளகாய்க்கும் உயிர்த் தண்ணீராக விடுவதோடு, அந்த நீர் கிடக்கும் ஐந்தாறு மாதத்தில் மீனும் வளர்த்துப் பயன் பெறலாம். மீன் நன்றாக வளர்ந்து வரும் வேளையில், மார்கழிக் குளிரில், உடம்பில் சிவந்த புள்ளிகள் தோன்றி, அவை குழிப் புண்களாகி, மீன்கள் சாகத் தொடங்கினால் என்ன செய்வது? கடைக்கு ஓடிக் கிடைத்த மருந்தை வாங்கி ஊற்றுவது, செத்த மீனை வாரி ஓடையில் எறிவது, மாதம் முடிவதற்குள் புதுக் குஞ்சு வாங்கி விடுவது ஆகிய மூன்றும் நட்டத்தை இரட்டிப்பாக்கும் செயல்கள். நோய் வந்த குட்டையை மீட்க நம் வறண்ட பகுதிக்கு இயற்கையே ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையை இங்கே காண்போம்.

நோயின் வரலாறும் காரணமும்

இந்தப் புண் நோய் நம் நாட்டில் தோன்றியதல்ல. 1971ஆம் ஆண்டில் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும், பின்னர் இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளிலும் பரவியது. 1987-88இல் இலங்கையைத் தாக்கியது. 1988இல் வங்காளதேசத்திலும் நமது வடகிழக்கு மாநிலங்களிலும் ஆறு, குளம், வயல் நீர் என்று பாராமல் மீன்களை அழித்தது. 1990களின் தொடக்கத்தில் கேரளம், தமிழ்நாடு வரை வந்து சேர்ந்தது. நோய் கண்ட இடங்களில் மக்கள் நல்ல மீனைக்கூட வாங்க அஞ்சினார்கள். அதனால் நோய் வராத குளத்துக்காரரும் விலை இழந்தார்.

இதற்குக் காரணம் அபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர். கம்புப் பயிரில் அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவரும் கிருமி உங்களுக்குப் பழக்கமானதுதான். இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. இதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று மீனின் தோலில் ஒட்டி முளைக்கின்றன. மெல்லிய இழைகள் தசைக்குள் துளைத்து வளர்கின்றன. நாம் புண்ணைப் பார்க்கும்போது கிருமி தசையின் ஆழத்தில் இருக்கும். ஆகவேதான் மேலே ஊற்றும் மருந்து முற்றிய மீனைக் காப்பாற்றுவதில்லை. தீவனத்தில் கலந்து கொடுக்கும் எதிர்உயிரி மருந்துகளும் இக்கிருமியைக் கொல்லா. அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண் என்பதே என் கருத்து. மாலகைட் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தை உணவு மீனுக்குப் பயன்படுத்தவே கூடாது.

பெருமழைக்குப் பின் நீரின் காரத்தன்மையும் உப்பும் குறைந்து, நீர் 18 முதல் 22 டிகிரி வரை குளிரும்போது இந்நோய் தீவிரமடைகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்து வரும் மார்கழி, தை மாதங்களே கவனிக்க வேண்டிய காலம். விரால், குறவை, கெண்டைப் பொடிகள் ஆகியவை முதலில் அடிபடும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளும் தப்புவதில்லை. சாதாக் கெண்டையும் திலேப்பியாவும் இந்நோயைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டியவை

முதலில் தீவனத்தை நிறுத்த வேண்டும். செத்த மீன்களையும் புண் முற்றிய மீன்களையும் நாள்தோறும் வலைக்கூடையால் எடுத்து, குட்டைக்கு எட்டத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஓடையில் எறிந்தால் அடுத்த மழையில் அது கீழ்க் கண்மாய்க்குப் போகும். நம் கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. உங்கள் குட்டையின் நோயைக் கண்மாய்க்குக் கொடுத்தால், மறு ஆண்டு ஊர் முழுவதும் மீன் குத்தகையில் நட்டம்; அந்த நோய் சுற்றிக்கொண்டு உங்களிடமே திரும்பவும் கூடும்.

தொடக்க நிலையில் சுண்ணாம்பு உதவும். மீன் உள்ள நீருக்கு ஹெக்டேருக்கு 200 கிலோ சுட்ட சுண்ணாம்பு என்ற அளவில், 100 அடிக்கு 100 அடி குட்டைக்கு ஏறத்தாழ 18 கிலோ போதும். இதை இரண்டாகப் பிரித்து ஒரு வார இடைவெளியில் இடவேண்டும். முதல் நாளே நீரில் நீற்றி, நன்றாக ஆறவிட்டு, காலை வேளையில் குட்டை முழுதும் தெளிக்கவும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கரிசல் மண் இயல்பிலேயே சுண்ணாம்பு கலந்தது. நிறம்காட்டும் தாளை நனைத்துப் பார்த்து நீரின் பி.எச். 8.5க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு இடாதீர்கள். நீரில் சேர்ந்திருக்கும் அம்மோனியா நஞ்சாக மாறி, நோய்க்குத் தப்பிய மீனும் செத்துவிடும். செவல் காட்டு நீர் வந்து விழும் குட்டைகளில் பி.எச். பார்த்து இடலாம். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்நோய்க்கென்றே உருவாக்கிய சிபாக்ஸ் என்னும் மருந்தும் உண்டு. ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்கு 1 லிட்டர் என்பது அளவு. மேற்சொன்ன குட்டைக்கு 100 மில்லிகூட ஆகாது. இதுவும் நோயின் தொடக்கத்தில்தான் பலன் தரும்.

லேசான புண் உள்ள மீன்கள் மாசியில் வெயில் ஏறியதும் தாமாகவே ஆறி வருவதுண்டு. அதனால் எல்லாம் போயிற்று என்று எண்ணிக் கைவிட வேண்டாம். புண்ணில்லாத மீன் விற்கும் எடையில் இருந்தால் பிடித்து விற்றுவிடுவது நல்லது. புண்பட்ட மீனைச் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள்.

உப்புப் போட்டால் என்ன?

திருச்சுழி பக்கம் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் விவசாயி இப்படிக் கேட்பது நியாயமே. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உப்பு உள்ள நீரில் இந்தக் கிருமி பரவ முடியாது என்பது உண்மை. ஆனால் கணக்குப் பாருங்கள். 100 அடிக்கு 100 அடி குட்டையில் ஒரு மீட்டர் நீர் என்றால் 9 லட்சம் லிட்டருக்கு மேல். அதற்கு ஏறக்குறைய 1,850 கிலோ உப்பு வேண்டும். அவ்வளவு உப்பைக் கொட்டிய நீரைப் பிறகு மிளகாய்க்குப் பாய்ச்ச முடியுமா? மீன் ஒரு பருவ நட்டம். உவரான நிலமோ பல ஆண்டு நட்டம். குட்டைக்கு உப்பு வேண்டாம். தொட்டிக்கு உதவும், அதைக் கீழே சொல்கிறேன்.

காயவிடுவதே மருந்து

கடல் மீன்களைப் பவளங்களோடு கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால், மருந்தான செம்பு உப்பைத் தொட்டியில் கலக்க முடியாது, பவளம் செத்துவிடும். அதனால் மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுக்கிறார்கள். பெரிய தொட்டியை ஆறு வாரத்துக்குக் குறையாமல், பலர் பத்து வாரம் வரை, மீன் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிகிறது. கோடை உழவு செய்து நிலத்தைக் காயவிட்டு, நோயையும் கூட்டுப்புழுவையும் நாம் அழிப்பதும் இதே தத்துவந்தான்.

அவர்கள் பத்து வாரம் கணக்குப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெயில் இலவசம். புண் நோய்க் கிருமியின் வித்து ஈரம் உள்ளவரை சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். நன்றாகக் காய்ந்த மண்ணில் பிழைக்காது.

குட்டையை வற்றவிட்டால் பயிருக்குத் தண்ணீர் போய்விடுமே என்ற தயக்கம் வேண்டாம். நீரை ஓடையில் திறந்துவிடச் சொல்லவில்லை, பயிருக்கே இறையுங்கள். இது மீனைத் தாக்கும் கிருமி. பருத்தியையோ மல்லியையோ ஒன்றும் செய்யாது. தை, மாசியில் வழக்கம்போல் நீர் பாய்ச்சி, மிஞ்சுவதையும் பங்குனிக்குள் தீர்த்துவிட வேண்டும். அப்படிப் பாய்ச்சும் நீர் வழிந்து வேறு குட்டைக்கோ கண்மாய்க்கோ போகாமல் வரப்பைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசிக் குழியில் பலர் ஏமாந்துபோகிறார்கள். குட்டையின் மூலையில் இரண்டு சாண் சேற்று நீர் கிடந்தாலே போதும், கெண்டைப் பொடிகள் அதில் உயிரோடு இருக்கும். விராலோ சேற்றுக்குள் புதைந்துகொண்டு பல நாள் கிடக்கும். ஆகவே குழி நீரை வாளியால் இறைத்து, சேற்றைக் கிளறி மீன் எதுவும் இல்லை என்று உறுதி செய்யவும். தரை பாளம் பாளமாக வெடித்த பின் மேல் வண்டலை ஒரு சாண் வழித்து வயலுக்கு அடித்துவிடலாம். அது நல்ல எருவும் ஆகும். ஈரம் வற்றாத இடங்களில் மட்டும் சுட்ட சுண்ணாம்பைத் தூவினால் போதும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையில் படிந்த சேற்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் விடவும்.

வலையை மறக்கக் கூடாது. ஊரில் கண்மாய் அழியும்போது ஊத்தாவும் வலையும் ஈரத்தோடு கண்மாய்க்குக் கண்மாய் போகின்றன. இரவல் வலையை உங்கள் குட்டையில் இறக்குவதற்கு முன் இரண்டு நாளாவது நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

மறுபடியும் குஞ்சு விடும்போது

புரட்டாசி, ஐப்பசியில் புது நீர் வரும் வாய்க்காலில் கொசுவலை மடித்துக் கட்டி, காட்டு மீன்குஞ்சுகள் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கண்மாயில் பிடித்த பொடிகளை இலவசமாகக் கிடைக்கிறதே என்று விடாதீர்கள். நோய் வரும் வழிகளில் அது ஒன்று.

முதல் ஆண்டில் சாதாக் கெண்டையை அதிகமாகவும் ரோகு, கட்லாவைக் குறைவாகவும் விடுவது பாதுகாப்பானது. விராலுக்கு நல்ல விலை உண்டு என்றாலும் ஓராண்டு பொறுத்திருக்கலாம். குஞ்சு விரல் நீளத்துக்கு மேல் இருக்கட்டும். மேற்சொன்ன அளவுள்ள குட்டைக்கு 450 முதல் 500 குஞ்சு போதும். நெருக்கம் கூடினால் உரசல், உரசினால் காயம், காயத்தில் நோய்.

வாங்கி வந்த அன்றே குட்டையில் கொட்டாமல், 500 லிட்டர் தொட்டிகளில் பிரித்து, தொட்டிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கல்லுப்பைக் கரைத்து, இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம். காலையும் மாலையும் பாதி நீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு உப்புச் சேர்க்க வேண்டும். எல்லாக் குஞ்சுக்கும் தொட்டி இல்லாதவர்கள் 30 குஞ்சையாவது இவ்வாறு உப்பு இல்லாத நீரில் வைத்துக் கவனிக்கவும். இது சோதனை, உப்பிட்டால் நோய் மறைந்து நிற்கும். அதற்குள் ஒரு குஞ்சில் சிவப்புப் புள்ளி கண்டாலும் அந்தத் தொகுதியை விட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ, தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியிலோ காட்டலாம். அழுகிய மீனைக் கொண்டுபோனால் எதுவும் தெரியாது. புண் இப்போதுதான் தொடங்கிய மூன்று நான்கு மீன்களை உயிரோடு, ஆக்சிஜன் நிரப்பிய பையில் குட்டை நீருடன் கொண்டுபோகவும். உடன் மழை பெய்த நாள், முதல் மீன் செத்த நாள், குஞ்சு வாங்கிய இடம் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவும்.