மருத்துவர் வரவேண்டியது இரண்டாம் நாள்

பள்ளிக் கண் பரிசோதனை முகாமுக்கு ஒரு கண் மருத்துவர் தன் சனிக்கிழமையைச் சம்பளமில்லாமல் கொடுக்கிறார் என்றால், அது பெரிய கொடை. ஆனால் அந்த நாளின் பெரும்பகுதி எழுத்து அட்டைக்கு முன்னால் நின்று, "இது என்ன எழுத்து, அடுத்தது என்ன?" என்று கேட்பதிலேயே கழிந்துவிடுகிறது. அது அவருடைய படிப்புக்கான வேலை அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 25 கோடி; கண் மருத்துவர்கள் ஏறத்தாழ 25,000 பேர், அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். சமமாகப் பங்கு போட்டால் ஒருவருக்குப் பத்தாயிரம் பிள்ளைகள். பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால் 500 மணி நேரம், அதாவது ஒவ்வோர் ஆண்டும் அறுபது முழு வேலை நாள்கள். எந்தத் தன்னார்வமும் இதைத் தாங்காது. ஆகவே முதல் பரிசோதனை ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். அதில் தேறாத பிள்ளைகளைப் பார்க்கவே மருத்துவர் வர வேண்டும் என்பது என் வாதம்.

ஆசிரியரால் முடியுமா என்ற சந்தேகம் எழும். ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-இல் வெளியிட்ட அட்டையின் வாரிசுகளைத்தான் இன்றும் 6 மீட்டர் தள்ளி மாட்டுகிறோம். அதைப் படிக்கவைப்பதற்குப் பட்டம் தேவையில்லை, கவனம் தேவை. வரிசையில் நிற்கும் பிள்ளை, முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டே கடைசி வரியை மனப்பாடம் செய்துவிடும். கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகப் பார்க்கும். தெளிவாகத் தெரியாவிட்டால் கண்ணைச் சுருக்கும். சுருக்கினால் ஓரளவு தெரியவும் செய்யும். இவற்றைப் பிடிப்பதில், அந்தப் பிள்ளையை ஆண்டு முழுதும் பார்க்கும் வகுப்பாசிரியர் அந்நியரைவிடத் தேர்ந்தவர். சீனாவின் சீச்சாங் பகுதியில் பயிற்சி பெற்ற கிராமப்புற ஆசிரியர்களைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், பார்வை குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களை அவர்கள் சரியாகக் கண்டறிந்தார்கள். ஏற்கெனவே ஆசிரியர்கள் தலையில் ஆயிரம் வேலை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இது ஆண்டில் இரண்டு மணி நேர வேலை. அந்த இரண்டு மணி நேரத்தைப் பாடவேளையிலேயே ஒதுக்கிக் கொடுப்பது கல்வித் துறையின் பொறுப்பு.

மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிறு பிள்ளைகளின் கண்வில்லை மிகவும் நெகிழ்வானது. தூரப்பார்வைக் குறை உள்ள பிள்ளை அந்த வில்லையை இறுக்கி வளைத்து 6/6 வரியைக்கூடப் படித்துவிடும். புத்தகத்தைத் திறந்தால் தலைவலிக்கும். அதே இறுக்கத்தோடு பவர் பார்த்தால், கிட்டப்பார்வைக்காரப் பிள்ளைக்குத் தேவைக்கு மேல் மைனஸ் பவர் வந்துவிடலாம். சொட்டு மருந்து விட்டு, வில்லையை வளைக்கும் தசையைச் சற்று நேரம் ஓய்வெடுக்கவைத்துப் பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும். அதைவிடக் கவலை தருவது சோம்பேறிக் கண். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் மூளை அந்தக் கண் தரும் மங்கல் பிம்பத்தை ஒதுக்கப் பழகிவிடும். மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை ஒருநாளும் குறை சொல்லாது. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நல்ல கண்ணை மூடிவைப்பது உள்ளிட்ட சிகிச்சையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பரிசோதித்தது. 7 முதல் 12 வயதினரில் 53 விழுக்காட்டினர் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் 25 விழுக்காட்டினர். 13 வயதுக்கு மேல் அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது: 25-க்கு 23. இதுவரை சிகிச்சையே பெறாத பதின்வயதினருக்கு ஓரளவு பலன் கிடைத்தது உண்மைதான். என்றாலும் ஆறாம் வகுப்பில் தொடங்கும் பரிசோதனை இந்தப் பிள்ளைகளுக்குத் தாமதமானது. முதல் வகுப்பிலேயே, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்தாக வேண்டும்.

கண்ணாடி எழுதிக் கொடுத்ததோடு முகாமின் கணக்கை முடிப்பதுதான் நம்முடைய பெரிய தவறு. சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 பள்ளிகளின் 3,177 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. இலவசக் கண்ணாடி பெற்றவர்கள் கணிதத்தில் சிறிதேனும் முன்னேறினார்கள். ஆனால் ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது, அவர்களில் 41 விழுக்காட்டினர் மட்டுமே கண்ணாடி அணிந்திருந்தார்கள். அணிவதாகச் சொன்னவர்களோ 68 விழுக்காடு. வழங்கிய கண்ணாடிகளின் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் பதிலையும் வைத்து நிறைவடைய முடியாது என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி. பெங்களூருவில் 11 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது. பிரேமைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். மூன்று நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பேர் அணிந்திருந்தார்கள். விலை குறைந்த தயார்நிலைக் கண்ணாடிக்கும், தனியாகச் செய்து கொடுத்த கண்ணாடிக்கும் இதில் வேறுபாடே இல்லை.

அணியாமல் விடுவதற்குக் கேலி ஒரு காரணம். "கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்" என்ற வீட்டாரின் பயம் இன்னொன்று. இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு பவர் ஏறுவதைப் பெற்றோர் கண்ணால் பார்க்கிறார்கள். ஏறுவது கண்ணாடியால் அல்ல, வளரும் வயதில் கண்விழி நீள்வதால். கோலாலம்பூரில் 94 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்தவர்களுக்கே கிட்டப்பார்வை கூடுதலாக ஏறியது. இதை ஓர் ஆசிரியர் சொல்வதற்கும் மருத்துவர் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. டாக்டர் வந்தால்தான் பெற்றோர் நம்புவார்கள் என்று முகாம் நடத்துபவர்கள் சொல்வது மெய்தான். அந்த நம்பிக்கையை எழுத்து அட்டைக்கு முன் வீணாக்காமல், தேறாத பிள்ளைகளின் அம்மா அப்பாவை உட்காரவைத்துப் பேசச் செலவிடலாமே என்பதுதான் என் கேள்வி. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. கண்ணாடிக்குப் பணம் இனி முதல் தடை அல்ல. ஒரு சனிக்கிழமை கொடுக்க முன்வரும் மருத்துவர் அதை இரண்டு அரை நாளாகப் பிரித்துக் கேட்கட்டும்: முதல் அரை நாள் ஆசிரியர் பொறுக்கித் தந்த பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும், மற்றது மூன்று மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், பள்ளி நடக்கும் ஒரு வேலை நாளில். யார் மூக்கில் கண்ணாடி இருக்கிறது, யாருடையது உடைந்தது, யார் பையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு.