மலிவு விலைப் பத்திரிகையும் அதன் முதலாளிகளும்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் போகிறவர்கள் டீக்கடையில் நின்றபடி புரட்டுகிற தினத்தந்திக்குப் பாரிஸில் ஒரு மூத்த உறவு உண்டு. எமில் த ஜிரார்தான் 1836இல் தொடங்கிய ‘லா பிரெஸ்’ அது. மற்ற நாளிதழ்கள் ஆண்டுச் சந்தாவாக 80 பிராங்க் வாங்கியபோது இவர் 40 பிராங்குக்குக் கொடுத்தார். மிச்சத்தை விளம்பரம் ஈடுகட்டியது. பால்சாக்கின் நாவல் தொடராக வந்து வாசகரைப் பிடித்து வைத்தது. பழைய பத்திரிகைகள் கொதித்தன. சண்டை முற்றி, ‘லெ நஸியோனால்’ ஆசிரியர் அர்மான் கரேலைத் துப்பாக்கித் துவந்த யுத்தத்தில் ஜிரார்தான் சுட்டார், கரேல் இறந்துபோனார்.

தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் யாரையும் சுடவில்லை. ஆனாலும் வம்பு குறைவில்லை. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, சிங்கப்பூரில் வக்கீல் தொழில், 1942இல் மதுரையில் ‘தந்தி’. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற பேச்சுத்தமிழ், கொட்டை எழுத்துத் தலைப்பு. கொலைச் செய்தியைக் கடைபரப்புகிறது என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கைத் தந்தி விரிவாக எழுத, விற்பனை ஏறியது. முகம் சுளித்தவர்களும் அதை வாங்கித்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. பால்சாக் செய்த வேலையை இங்கே 1960 முதல் ‘கன்னித்தீவு’ படக்கதைத் தொடர் செய்தது.

ஜிரார்தானைப் போலவே இவரும் சட்டமன்றம் போனார். 1958இல் ‘நாம் தமிழர்’ இயக்கம் கண்டார். தனித் தமிழ்நாடு கேட்டார். 1960இல் பெரியாரோடு சேர்ந்து, தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தைக் கொளுத்தும் போராட்டம் நடத்தினார். பத்திரிகை முதலாளியே கட்சித் தலைவராகவும் இருந்தால் செய்தி யார் பக்கம் சாயும் என்ற கேள்வி அப்போதே எழ வேண்டியது.

1967இல் அந்தக் கேள்வி விருதுநகர் வாசலுக்கே வந்தது. ஆதித்தனார் தி.மு.க. கூட்டணியில் இருந்தார். எதிரணியில் காமராஜர், சொந்த ஊரில் வேட்பாளர். மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டில் அவரை வென்றார். அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து செய்த வேலை அது. பத்திரிகையை மட்டும் காரணம் சொல்வது மிகை. ஸ்ரீவைகுண்டத்தில் வென்ற ஆதித்தனார் சபாநாயகரானார். தனி நாடு கேட்டவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான், 1967 ஜூலை 18 அன்று, சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயரிடும் தீர்மானம் நிறைவேறியது.