நீளும் விழி

கடைசி வரிசையில் அமர்ந்தால் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லும் நண்பர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். கையிலுள்ள புத்தகத்தை மட்டும் அவர்கள் தெளிவாகப் படிப்பார்கள். இதுவே கிட்டப்பார்வை. பெரும்பாலும் விழிக்கோளத்தின் நீளமே இதற்குக் காரணம்.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இருக்கும். வளர்ந்தவர்களுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். அது 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் போதும், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். அதைச் சரிசெய்யச் சுமார் இரண்டரை டயாப்டர் திறனுள்ள குழி லென்ஸ் தேவைப்படும்.

இந்த நீளத்தைத் தீர்மானிப்பது எது? ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையரின் விழி நீளங்கள், மற்ற இரட்டையருடையதைவிட அதிகமாக ஒத்திருக்கின்றன. ஆகவே மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. பார்வைக் குறைபாட்டோடு தொடர்புடைய 400க்கும் மேற்பட்ட இடங்களை, 2020இல் வெளியான ஓர் ஆய்வு மரபணுத் தொகுதியில் காட்டியது. தனித்தனியே பார்த்தால் அவற்றின் விளைவு மிகச் சிறியது.

அப்படியானால் கண்ணாடி நம் தலையெழுத்தா? அமெரிக்காவின் வடகோடியிலுள்ள அலாஸ்கா மாநிலத்துக்குச் செல்வோம். அங்கே அப்போது பாரோ என்று அழைக்கப்பட்ட ஊரின் பூர்வகுடிக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1969இல் வெளியாயிற்று. பள்ளிக்கே செல்லாத முதியோரிடம் கிட்டப்பார்வை மிக அரிது. பள்ளியில் படித்த இளந்தலைமுறையிலோ பாதிப்பேருக்கு மேல் அது இருந்தது! ஒரே தலைமுறையில் மரபணுக்கள் இவ்வளவு மாறிவிட முடியாது. மாறியது வாழ்க்கைமுறையே.

இரண்டும் எப்படி உண்மையாகும்? ஒரே வயலில் இருவகை நெல்லை விதைத்தால், உயர வேறுபாட்டுக்கு விதை காரணம். உரமிட்டால் இரண்டுமே முன்பைவிட உயரும். விழியும் அப்படித்தான். யாருக்கு எளிதில் நீளும் என்பதில் மரபணுவின் கை ஓங்கியிருக்கிறது. எத்தனை பேருக்கு நீளும் என்பதைச் சூழல் பெரிதும் நிர்ணயிக்கிறது.

சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். முதல் வகுப்பு மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு நடந்தது. 2015இல் வெளியான முடிவைப் பாருங்கள். மூன்றாண்டுகளில் வழக்கம்போல் படித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே சென்றவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மட்டுமே வந்தது. பகல் வெளிச்சம் விழியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நீண்டுவிட்ட விழியைக் கண்ணாடி குறுக்குவதில்லை, பிம்பத்தை மட்டுமே சரிசெய்கிறது. மிக அதிகமாக நீண்டால் விழித்திரை மெலிந்து பிய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. பெற்றோர் இருவரும் கண்ணாடி அணிபவர்களா? ஆண்டுதோறும் கண்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால், மாலையில் வெளிச்சம் மறையுமுன் அவர்களையும் அழைத்துக்கொண்டு விளையாடச் செல்லுங்கள். விழி வளரும் வயதில்தான் இதன் பயன் அதிகம்.