விருத்தசேதனமும் பெற்றோரின் தெரிவும் – ஒரு சமூகவியல் நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறி வாழும் எமது பல்கலைக்கழக நண்பர் ஒருவர், தமக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியை அறிவித்து எழுதிய மடலிலே ஒரு விடயத்தைக் குறிப்பிட்டிருந்தார். குழந்தை பிறந்த மறுநாட் காலை தாதியொருவர் படிவமொன்றைக் கொண்டுவந்து, குழந்தைக்கு விருத்தசேதனம் செய்ய வேண்டுமா, வேண்டாமா எனக் கேட்டாராம். நண்பர் யூதருமல்லர், முஸ்லிமுமல்லர். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இரண்டு கட்டங்களில் ஒன்றை நிரப்பிக் கையொப்பமிடும்படி கேட்கப்பட்டபோது தாமும் மனைவியும் திகைத்துப் போனதாகவும், பின்னர் அறிவிப்பதாகக் கூறி அனுப்பிவிட்டதாகவும், முதல் மாதத்துள் முடிவு சொல்லுமாறு வைத்தியர் பணித்திருப்பதாகவும் எழுதியிருந்தார். இது பெற்றோரின் சுதந்திரமான தெரிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எதனைக்கொண்டு தெரிவது என்று ஒருவருமே சொல்கிறார்களில்லை என்பது அவரது முறைப்பாடு. அவருக்கு நாம் எழுதிய பதிலின் விரிவே இக்கட்டுரை.

'சுதந்திரமான தெரிவு' என்னும் தொடரிலிருந்தே தொடங்குதல் தகும். சமயக் கடமையாக இதனைச் செய்யும் யூத, முஸ்லிம் பெற்றோரைப் பொறுத்தவரை தெரிவு என்ற பிரச்சினை பொதுவாக எழுவதில்லை. யூத மரபிற் பிறந்த எட்டாம் நாள் அது நிகழ்கிறது. ஈழத்து முஸ்லிம் கிராமங்களிலே சுன்னத்துக் கலியாணம் என உற்றார் கூடி உண்டு மகிழும் சடங்காக அது அமைந்தது; ஒஸ்தா எனப்பட்டோர் செய்துவந்த இத்தொழிலை இன்று பெரும்பாலும் வைத்தியர்களே செய்கின்றனர். ஆனால் அமெரிக்காவிலே இச்சமயக் கடமை எதுவுமில்லாத கோடிக்கணக்கான கிறித்தவ, மதஞ்சாராப் பெற்றோர், பிறந்து இரண்டொரு நாளேயான ஆண் மகவின் நுனித்தோலை அகற்றுவித்து வந்துள்ளனர். 1979இல் அந்நாட்டு வைத்தியசாலைகளிற் பிறந்த ஆண் குழந்தைகளில் 64.5 சதவீதத்தினருக்கு, வீடு திரும்புமுன்பே இது செய்யப்பட்டிருந்தது; 2010இல் அத்தொகை 58.3 சதவீதம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிற் காணப்படாத இவ்வழக்கம் அங்கு மட்டும் எவ்வாறு வேரூன்றியது என்பதே நமது வினா.

(பெண்களுக்குச் செய்யப்படுவது முற்றிலும் வேறான பிரச்சினை, அது தனியே ஆராயப்படவேண்டியது.)

விடையை 19ஆம் நூற்றாண்டின் மருத்துவத்திலே தேடவேண்டும். 1855இல் இலண்டன் மருத்துவர் ஜொனதன் ஹட்சின்சன், தமது வைத்தியசாலைக்கு வந்த யூத நோயாளரிடையே மேகநோய் குறைவாகக் காணப்படுவதைக் கவனித்து, அதற்கு விருத்தசேதனமே காரணம் என முடிவுகட்டினார். அச்சமூகத்தாரின் குடும்ப அமைப்பு, மண உறவுக் கட்டுப்பாடுகள் என்பன அவர் கருத்தைப் பெரிதும் ஈர்த்ததாகத் தெரியவில்லை. 1870இல் நியூயோர்க் நகரத்து எலும்பு மருத்துவர் லூயிஸ் சேயர், நிமிர்ந்து நடக்கவியலாதிருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு நுனித்தோலை அகற்றினார், சிறுவன் நடந்தான், முடவாதத்துக்கே மூலகாரணம் நுனித்தோலின் உறுத்தல் என்ற கோட்பாடு பிறந்தது. சேயர் மருத்துவ உலகின் ஓரத்தில் நின்ற போலி வைத்தியரல்லர். 1880இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவரானவர். அந்நூற்றாண்டின் இறுதியில், காலையுணவுத் தானியங்களால் இன்று பெயர் அறியப்படும் ஜோன் ஹார்வி கெலொக், சுயமைதுனத்தைத் தடுக்கும் வழியாக இதனை விதந்துரைத்தார். விறைப்பு மருந்து எதுவும் கொடாமலே வெட்டவேண்டும், ஏனெனில் நோவும் தண்டனையின் ஒரு பகுதியே என்பது அவர் வாதம்.

இவற்றைப் பழங்கால மடமைகள் எனச் சிரித்து ஒதுக்குவது எளிது. ஆயின் அம்மடமைகளுக்கு ஒரு சமூகத் தர்க்கம் உண்டு. மேற்கிளம்பி வந்த நடுத்தர வர்க்கத்துக்கு உடல் என்பது சிக்கனமாக ஆளப்படவேண்டிய ஒரு சொத்து. சேமிப்பும் தன்னடக்கமும் தூய்மையும் அவ்வர்க்கத்தின் அறவியல். அழுக்கும் காமமும் நோயும் கீழோருக்குரியன எனக் கொள்ளப்பட்டன. கிருமிக்கோட்பாடு பரவியதும் இவ்வறவியல் சுகாதாரம் என்ற புதிய ஆடையைப் பூண்டது. இலக்கிய மாணவர் ஒரு செய்தியை ஈண்டு நினைவுகூரலாம். ஜோர்ஜ் எலியட் 1876இல் வெளியிட்ட 'டானியல் டெரொண்டா' நாவலின் நாயகன், ஆங்கிலப் பிரபு குடும்பத்திலே வளர்ந்து, தான் யூதன் என்பதை வாலிபப் பருவத்திலேயே அறிகிறான். தன் உடலைக் கண்டே அவன் அதனை ஊகித்திருக்கலாமே என விமர்சகர் சிலர் வினவியுள்ளனர். அவ்வினா எழுவதற்குக் காரணம், அக்காலத்து ஆங்கிலக் கனவான்கள் விருத்தசேதனம் செய்யாதிருந்தமையே. இரண்டு தலைமுறை கழிந்தபின் அதே நாவலை எழுதியிருந்தால் அவ்வினாவுக்கு இடமிருந்திராது. 1930களிற் பிரித்தானிய ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு இது செய்யப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் உயர் குழாத்தினரே அதிகம்.

இவ்வர்க்க வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெயர்ட்னர். 1949 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 'நுனித்தோலின் கதி' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை இவ்விடயத்தில் ஒரு திருப்புமுனை. பெயர்பெற்ற தனியார் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவரில் 84 சதவீதத்தினரும், ஏனைய இடைநிலைப் பாடசாலைகளிலிருந்து வந்தோரில் 50 சதவீதத்தினரும் விருத்தசேதனம் செய்யப்பட்டவர்கள் என அவர் கண்டார். பிறக்கும்போது நுனித்தோல் பின்தள்ள இயலாதபடி ஒட்டியிருத்தல் நோயன்று, இயல்பான வளர்ச்சி நிலையே என்பதையும், வளர வளர அது பெரும்பாலாரிடம் தானே பிரிந்துவிடுகிறது என்பதையும் நிறுவினார். இயல்பு நிலையொன்றை நோயெனப் பெயரிட்டு வெட்டியதனால், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்துவந்தமையை அவர் எடுத்துக்காட்டினார்.

ஆயினும் ஒரு கட்டுரை மாத்திரம் ஒரு வழக்கத்தை வீழ்த்திவிடுவதில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1948 யூலையிலே, பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கியிருந்தது. நோய்க்காரணமின்றிச் செய்யப்படும் விருத்தசேதனத்துக்கு அவ்விலவச சேவையிற் பொதுவாக இடமளிக்கப்படவில்லை. மக்கள் பணத்தைச் செலவிடும் அமைப்பொன்று, 'இது எதற்கு?' என்று கேட்கவேண்டியிருந்தது. கெயர்ட்னரின் கட்டுரை அக்கேள்விக்கு விடையளித்தது. ஒரு தலைமுறைக்குள் வழக்கம் சுருங்கிப் போயிற்று. பிரித்தானியப் பெற்றோர் திடீரென அறிவொளி பெற்றுவிட்டனர் என்பதன்று. செய்வோருக்கு ஊதியமும் கேட்போருக்கு இலவசமும் இல்லாது போயின.

அத்திலாந்திக்குக்கு அப்பால் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1900இல் அமெரிக்கப் பிறப்புகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே வைத்தியசாலையில் நிகழ்ந்தன. 1940இல் அரைப்பங்குக்கு மேல். 1960களின் இறுதியில் ஏறத்தாழ எல்லாமே. மருத்துவிச்சியின் கையிலிருந்து மகப்பேறு மருத்துவரின் கைக்கு மாறியபோது குழந்தையின் உடலும் நிறுவன ஒழுங்குக்குட்பட்டது. 1930களிற் பபலோ நகரில் உருவாக்கப்பட்ட கொம்கோ என்னும் இடுக்கி, சத்திரசிகிச்சையைச் சில நிமிட வேலையாக்கிற்று. அதன் பெயரே அதனைச் செய்த கம்பனியின் பெயர்ச்சுருக்கம். மகப்பேற்றுக் கட்டணத்தோடு இன்னொரு கட்டணம் சேர்ந்தது; தொழில்வழிக் காப்புறுதி அதனைச் செலுத்தியது; பணம் தம் கையிலிருந்து போகாததால் பெற்றோர் வினவவில்லை. வைத்தியசாலையிற் பிறந்து விருத்தசேதனம் செய்யப்பட்ட உடல் வசதியான அமெரிக்கனின் அடையாளமாயிற்று. அது செய்யப்படாத உடலோ ஏழையையும் புதிதாக வந்த குடியேறியையும் சுட்டிற்று. ஒரு தலைமுறை கழிந்ததும் கட்டணமும் காப்புறுதியும் மறந்துபோய், 'தந்தையைப்போல் மகனும் இருக்கவேண்டும்' என்ற ஒரே காரணம் எஞ்சியது. 1987இல் வெளியான டென்வர் நகர ஆய்வொன்று இதனைத் துலாம்பரமாகக் காட்டுகிறது: விருத்தசேதனம் செய்யப்பட்ட தந்தையரின் புதல்வரில் 90 சதவீதத்தினருக்கும், செய்யப்படாத தந்தையரின் புதல்வரில் 23 சதவீதத்தினருக்கும் அது செய்யப்பட்டிருந்தது. கருத்துநிலை என்று நாம் கூறுவது இதனைத்தான். வரலாற்றின் விளைவு இயற்கைபோலத் தோன்றும் நிலை அது.

மருத்துவ நிறுவனங்களின் தடுமாற்றமும் கவனிக்கத்தக்கது. பிறந்தவுடன் இதனைச் செய்தற்கு ஏற்கத்தக்க மருத்துவக் காரணம் இல்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1971இல் அறிவித்தது. 1989இல் நன்மைகள் இருக்கக்கூடும் என்றது. 2012இல், நன்மைகள் தீமைகளை விஞ்சினும் எல்லாக் குழந்தைகளுக்கும் விதந்துரைக்கப் போதியனவல்ல, முடிவு பெற்றோருடையது, ஆனால் காப்புறுதி செலவைச் செலுத்தவேண்டும் என்றது. பெரும்பாலும் ஐரோப்பியரான 38 மருத்துவர்கள் 2013இல் இதனை மறுத்து, அமெரிக்கரின் பண்பாட்டுச் சாய்வே அவ்வறிக்கையிற் பேசுகிறது என்றனர். சாய்வு உங்களுடையதே என்று கழகம் பதிலளித்தது. இரு சாராரும் ஒருவரைப்பற்றி ஒருவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை!

நன்மைகள் யாவை? குழந்தைப் பருவச் சிறுநீர்த்தொற்று குறைகிறது. ஆயின் சுகமான குழந்தைகளில் ஒரு தொற்றைத் தடுக்க ஏறத்தாழ 111 பேருக்கு வெட்டவேண்டும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நடந்து 2005இலும் 2007இலும் முடிவு வெளியான மூன்று ஆய்வுகள், பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம்வரை குறைவதைக் காட்டின. அந்நோய் பெருகிய நாடுகளில் இது அற்பமான செய்தியன்று. உலக சுகாதார நிறுவனம் 2007இல் அங்கு இதனை விதந்துரைத்ததும் பொருத்தமே. ஆனால் அவ்வாய்வுகளிற் பங்குகொண்டோர் வளர்ந்த ஆண்கள். தாமே விரும்பி இசைந்தவர்கள். மறுபுறத்தில் இரத்தப்பெருக்கும் தொற்றும் தேர்ந்த கைகளில் அரிதே. நோவைப்பற்றி மட்டும் மருத்துவம் நெடுங்காலம் வெட்கப்படத்தக்க முறையில் நடந்துகொண்டது. சிசுக்கள் நோவை உணரா என்ற எண்ணத்தில் விறைப்பு மருந்தின்றியே பல தசாப்தங்களாக வெட்டினர். அவ்வெண்ணம் பிழையென 1980களிற் காட்டப்பட்டபின்னரும், நோவகற்றல் இன்றியமையாதது என அக்கழகம் அறிவிக்க 1999 ஆயிற்று.

பொருளாதாரக் காரணியை நாம் மிகைப்படுத்துவதாக எண்ணுவோருக்கு ஒரு தரவு. ஏழைகளுக்கான அரச மருத்துவ உதவித் திட்டமாகிய மெடிக்கெயிட், சில மாநிலங்களில் இதற்குப் பணம் செலுத்துகிறது. வேறு சிலவற்றிற் செலுத்துவதில்லை. செலுத்தும் மாநிலங்களின் வைத்தியசாலைகளில் விருத்தசேதன வீதம் 24 சதவீதப் புள்ளிகள் அதிகம் என 2009இல் வெளியான ஆய்வொன்று கண்டது. மாநில எல்லையைக் கடந்தால் மாறிவிடும் தெரிவு யாருடைய தெரிவு?

ஆனால் இவ்விளக்கத்தைச் சமயச் சமூகங்களின்மீது அப்படியே ஏற்றுவது வாய்பாட்டு மார்க்சியமாகும். அங்கு இது கட்டணத்தாற் பிறந்த வழக்கமன்று. சிறுபான்மையினராக, பல வேளைகளில் ஒடுக்கப்பட்டோராக வாழ்ந்த மக்களின் தொடர்ச்சிக்கு அடையாளம். 2012 மே மாதம் ஜேர்மனியின் கேர்ள்ன் நகர நீதிமன்றம், நான்கு வயது முஸ்லிம் சிறுவனொருவனின் வழக்கில், பெற்றோர் இசைந்திருப்பினும் சமயக் காரணத்துக்கான விருத்தசேதனம் உடற்காயமே எனத் தீர்த்தது. யூதரும் முஸ்லிம்களும் ஒருங்கே எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரிலே பாராளுமன்றம் நிபந்தனைகளோடு அதனை அனுமதித்துச் சட்டமியற்றிற்று. குழந்தையின் உடல் குழந்தைக்கே உரியது என்ற நீதிமன்றத்தின் தத்துவத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனை யார், யார்மீது, எவ்வரலாற்றின் பின்னணியிற் செலுத்துகின்றனர் என்பதும் தத்துவத்தின் பகுதியே. இடதுசாரிகளாகிய நாம் மறைத்தற்கியலாத உதாரணமொன்றும் உண்டு. 1980களின் பல்கேரியாவில், சோசலிசத்தின் பெயராலேயே, துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்கள் பலவந்தமாக மாற்றப்பட்டன, விருத்தசேதனம் தண்டனைக்குரியதாக்கப்பட்டது. அவ்வரசு குழந்தைகளின் நோவுக்கு இரங்கியதாக யாரும் நம்பார். 1989இல் இலட்சக்கணக்கானோர் துருக்கிக்குப் பெயர்ந்தனர்.

ஆதலின் எமது நிலைப்பாடு இதுவே. சமயக் கடமை இல்லாத பெற்றோர், சுகமான சிசுவுக்கு இதனைச் செய்விக்க எமக்குத் தெரிந்த நியாயம் போதாது. வளர்ந்தபின் அவன் தானே தீர்மானிக்கலாம், காத்திருப்பதால் இழப்பது சிறிது. கடமையுள்ள சமூகங்களில் மாற்றம் வருவதாயின் அது அச்சமூகங்களின் உள்ளிருந்தே வரவேண்டும். வெளியிலுள்ளோர் கேட்கத்தக்கது, தேர்ந்த கையும் தூய கருவியும் விறைப்பு மருந்தும் ஏழைக் குழந்தைக்கும் கிடைக்கவேண்டும் என்பதே. 1946இல் வெளியான தமது புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலில் இதனை ஆதரித்த அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக், தமக்கு இன்னொரு மகன் பிறந்தால் அவனை அப்படியே விட்டுவிடுவேன் என 1989இற் கூறியதையும் நண்பருக்கு எழுதினோம்.

எமது பதில் சென்றபோது குழந்தைக்கு மூன்று வாரம். நண்பரின் மனைவி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்யமாட்டார்களா என்று மட்டும் கேட்டாராம். அவர்கள் வாழும் மேற்குப் பிராந்தியத்தில் 2010இல் இது செய்யப்பட்ட குழந்தைகள் 40.2 சதவீதமே, செய்யாதவர்களே அங்கு பெரும்பான்மையினர் என்று மறுபடி எழுதினோம். படிவத்தில் 'வேண்டாம்' என்ற கட்டத்தை நிரப்பி அனுப்பினராம். அதன் பின்னரும் வைத்தியரின் அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை அழைத்து, மாதம் முடியுமுன் செய்தாற் காப்புறுதி முழுச் செலவையும் ஏற்கும் என நினைவூட்டினார்கள் என்று நண்பர் எழுதியிருக்கிறார்.