பல் ஃபில்லிங்கில் தாவர நார்: எதற்கு இந்த முயற்சி?

சொத்தைப் பல்லை அடைத்த சிமென்ட் சில மாதங்களிலேயே உடைந்து விழுந்துவிட்டதா? எல்லா நேரமும் டாக்டர் மேல பழி போட முடியாது. அந்தப் பொருளுக்கே ஒரு பலவீனம் இருக்கலாம். அதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்கும் பொருட்களில் ஒன்று தாவர நார்.

இப்போ எதை வைத்து அடைக்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று பொருட்கள். முதலாவது, 'வெள்ளி ஃபில்லிங்' எனப்படும் அமால்கம். உறுதியானது, ஆனால் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் இதற்குத் தடை விதித்துவிட்டது. மருத்துவ ரீதியாக அவசியமானால் மட்டும் விலக்கு உண்டு. இரண்டாவது, பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட். இதற்கு லைட் கருவி வேண்டும், பல்லும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். செலவும் கூடுதல். மூன்றாவது, ஜிஐசி என்ற கிளாஸ் அயனோமர் சிமென்ட்.

ஜிஐசி ஏன் முக்கியம்?

கண்ணாடித் தூளையும் அமிலக் கரைசலையும் குழைத்து வைத்தால் போதும். தானாகவே இறுகி, பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டிக்கொள்ளும், ஃப்ளூரைடையும் வெளியிடும். மின்சாரம் இல்லாத ஊரில்கூட கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு அடைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

அப்போ சிக்கல் எங்கே?

வளைக்கும் விசையைத் தாங்காது. கடிக்கும் பரப்பில் வைக்கும் காம்போசிட்டுக்கு 80 மெகாபாஸ்கல் வளைவு வலிமை வேண்டும் என்கிறது சர்வதேசத் தரம். சாதாரண ஜிஐசி பொதுவாக அதில் பாதியைக்கூட எட்டாது. அதனால்தான் கடைவாய்ப் பல்லில், இரண்டு மூன்று பக்கம் சேர்ந்த பெரிய குழிகளில் சீக்கிரம் உடைகிறது.

நார் என்ன செய்யும்?

மண் சுவருக்குக் குழைக்கும் சேற்றில் வைக்கோல் சேர்ப்பார்களே, அதே வேலைதான். விரிசல் ஓடும் வழியில் நார் குறுக்கே நின்று இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். நாரில் உள்ள செல்லுலோஸ் தண்ணீரோடு எளிதில் உறவாடும். ஜிஐசியும் தண்ணீர் சார்ந்த கலவை. எனவே இரண்டும் ஒட்ட வாய்ப்பு அதிகம். எண்ணெய்த் தன்மையுள்ள காம்போசிட் பிசினில் இது அவ்வளவு சுலபமில்லை. நாரின் மேற்பரப்பை முதலில் பக்குவப்படுத்த வேண்டும்.

பிரேசில் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வக முடிவில், மிகச் சிறிதளவு செல்லுலோஸ் நானோ படிகம் சேர்த்ததுமே, ஜிஐசியின் அழுத்தம் தாங்கும் திறன் அதிகபட்சமாக இரு மடங்கைத் தாண்டியது. நிறைய போட்டால் இன்னும் நல்லதா? இல்லை. நார் திரண்டு கட்டியாகும், அந்த இடமே புது விரிசலுக்குத் தொடக்கமாகும்.

எப்போ கிளினிக்குக்கு வரும்?

ஆய்வகத்தில் ஜெயிப்பது முதல் படிதான். வாய் எப்போதும் ஈரம்; செல்லுலோஸ் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சூடான டீ, ஐஸ் வாட்டர், தினமும் மெல்லுதல் என வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறதா என்பதை மனிதர்களிடம் சோதித்துத்தான் சொல்ல முடியும். 'தாவரம்' என்பதாலேயே பாதுகாப்பு என்றும் ஆகிவிடாது.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது: அடைப்பதற்கு முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன பொருள் வைக்கிறீங்க? இந்தக் குழியின் அளவுக்கும் இடத்துக்கும் அது தாங்குமா? பழைய அமால்கம் நல்ல நிலையில் இருந்தால், பயந்துபோய் அதைப் பிடுங்கச் சொல்ல வேண்டியதில்லை.