400 ரூபாய் ஜெயித்தவர் கையில் 2,720 ரூபாய் நட்டம்

2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் 2025 செப்டம்பர் 16 ஆக இருந்தது. லூடோ, கேரம் செயலிகளில் காசு கட்டி ஆடியவர்களின் கடிதங்கள் அப்போது மேசையில் கிடந்தன. பாதிப் பேருக்கு ஒரே சந்தேகம்: “ஆகஸ்டில் காசு ஆட்டத் தடைச் சட்டமே வந்துவிட்டதே, இனி எதற்கு வரி?” தடை அடுத்த நிதியாண்டுச் சங்கதி. அந்தத் தாக்கலில் காட்ட வேண்டியிருந்தது, 2025 மார்ச் 31 வரை ஜெயித்ததை.

குழப்பமெல்லாம் ‘நிகர வெற்றி’ என்ற சொல்லில்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது: எடுத்ததில் போட்டதைக் கழித்தால் மிச்சம். அதில் 30 சதவீதத்தைச் செயலியே பிடித்துவிட வேண்டும் என்றது வருமான வரிச் சட்டத்தின் அப்போதைய 194பிஏ பிரிவு.

தூத்துக்குடி திரேஸ்புரம் வாசகர் ஒருவர் 2024 மீன்பிடித் தடைக்காலத்தில் லூடோவில் 500 ரூபாய் கட்டினார். செயலி 50 ரூபாய் போனஸ் போட்டது. ஆடி முடித்து 900 எடுத்தார். நிகர வெற்றி 350 அல்ல, 400. போனஸ் அவர் பையிலிருந்து போனதில்லையாம். அதனால் கழிக்க முடியாது. 120 ரூபாய் பிடித்தம் போக 780 வந்தது.

அதே இரண்டு மாதத்தில் வேறொரு நிறுவனத்தின் கேரம் செயலியில் 3,000 விட்டிருக்கிறார். அதை இங்கே கழிக்க வழியில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித் தீவு. வீட்டுக் கணக்கில், பிடித்தமும் சேர்த்து, 2,720 ரூபாய் நட்டம். வரித்துறைக் கணக்கில் 400 ரூபாய் வருமானம். வருமானம் குறைவு என்று வரிவிலக்கு வரம்பைக் காட்டினாலும் இந்த 30 சதவீதம் நகராது. மேலே 4 சதவீதம் செஸ் வேறு.

எடுக்காமல் செயலியிலேயே விட்டுவைத்தால்? மார்ச் 31 அன்று உள்ளே கிடக்கும் பாக்கியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

இதெல்லாம் ஜெயித்த பிறகு. 2023 அக்டோபர் 1 முதல், கட்டிய பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, ஜெயித்தாலும் தோற்றாலும். 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று 2025-ல் நாடாளுமன்றத்தில் கவலைப்பட்ட அரசுதான், அந்தப் பணம் உள்ளே போகும் வாசலில் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் அரசுக்குப் பங்கு என்பது நம் தூத்துக்குடிக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு குளியாளிக்கு, மிச்சம் அரசுக்கு. உள்ளே முத்து இருக்கிறதா என்பது ஏலம் எடுத்தவர் பாடு. 1961-க்குப் பிறகு இங்கே அந்த ஏலம் நடக்கவில்லை.

மற்ற கேள்விகள். எந்தப் படிவம்? ஐடிஆர்-1 ஆகாது, சம்பளக்காரர்களுக்கு ஐடிஆர்-2. பிடித்தது எவ்வளவு என்று எங்கே பார்ப்பது? 26ஏஎஸ் படிவத்தில். ஆடியவருக்குச் சிறையா? 2025 தடைச் சட்டத்தின் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவருக்கும்தான். உள்ளே பணம் மாட்டியிருக்கிறதே? உடனே எடுங்கள், அதில் நிகர வெற்றி இருந்தால் பிடித்தம் உண்டு. காசில்லாமல் லூடோ ஆடலாமா? ஆடலாம்.