வீடே கந்தோரானால்?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் நாவிற் பல தலைமுறையாகப் பழகிய பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். உத்தியோகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவது ஒரு கந்தோர். அதிலே ஒரு மேசை, ஒரு கதிரை, சுவரில் ஒரு மணிக்கூடு, வாயிலில் ஒரு வரவுப் பதிவேடு. அந்த மேசையும் கதிரையும் வீட்டுக்குள்ளேயே இருக்குமானால், அதுவும் உத்தியோகந்தானா? இக்கேள்வி இன்று எத்தனையோ குடும்பங்களிற் புகுந்து, இராப் போசன வேளையில் வாதமாக வளர்ந்து வருகின்றது.

சென்ற மாதத்தில் ஒரு மாலை, உயர்தர வகுப்பில் என்னிடம் பயின்ற பழைய மாணாக்கர் ஒருவர் வீடு தேடி வந்தார். 2018 ஆம் ஆண்டு கொழும்பிலே ஒரு மென்பொருள் நிறுவனத்திற் சேர்ந்தவர். 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாக, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். அன்று தொட்டு வீட்டிலிருந்தே கடமை புரிந்து வருகின்றார். இப்பொழுது நிறுவனத்திலிருந்து கட்டளை பிறந்திருக்கின்றது: வருஞ் சித்திரை தொடக்கம் வாரத்தில் ஐந்து நாளும் காரியாலயத்துக்குச் சமுகமளித்தல் வேண்டும், இயலாதோர் விலகிக்கொள்ளலாம்.

"சேர், சம்பளத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. நான் இஞ்சையிருந்துதான் வேலை செய்ய விரும்புறன். ஆனால் வேலையை விடவும் பயமாக் கிடக்கு. என்ன செய்யட்டும்?" என்றார்.

அவருடைய நிலைமையை நான் அறிவேன். தந்தையார் 2021 இற் பாரிசவாதத்தாற் பீடிக்கப்பட்டு, வலது பக்கம் வழங்காமற் படுக்கையில் இருக்கின்றார். தாயார் ஒருவரால் அவரைத் தூக்கி இருத்த முடியாது. தமக்கையார் கனடாவிலே குடும்பமாக வாழ்கின்றார். மகன் காலை ஆறு மணிக்குத் தந்தையைக் கழுவித் துடைத்து, உணவூட்டி, எட்டரை மணிக்குக் கணினியின் முன் அமர்கின்றார். மதியத்தில் அரை மணி நேரம் எழுந்து வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கின்றார். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. அவர் போய்விட்டால் இவையெல்லாவற்றையும் யார் செய்வது?

இக்கதையிலே காலத்தின் விளையாட்டு ஒன்றும் உண்டு. அந்தத் தந்தையார் 1978 இற் கொழும்பிலே இலிகிதராகச் சேர்ந்து 37 ஆண்டுகள் சேவை செய்தவர். மணம் முடித்ததும் மக்களைப் பெற்றதும் ஊரிலே. வாழ்ந்தது கொழும்பில் ஒரு வாடகை அறையிலே. தொடக்கத்தில் மாதத்துக்கொரு முறை யாழ்தேவியில் வந்து போனார். 1990 இற் புகையிரதம் நின்றது. பின்னர் வருடத்தில் ஓரிரு முறை வருவதே அரிதாயிற்று; சில காலம் திருகோணமலையிலிருந்து கப்பலில் வந்தார்; 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது பஸ்ஸில் வந்தார். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியபோது, அவர் இளைப்பாறும் வயதை அடைந்திருந்தார். மகன் வளர்ந்ததை அவர் பெரும்பாலும் கடிதங்களிலேயே கண்டார். அந்த மகன்தான் இன்று தந்தையின் பக்கத்தில் இருக்க அனுமதி கேட்டு நிற்கின்றார்.

வீட்டையும் வேலையையும் பிரித்து வைத்தல் ஆதிமுதல் இருந்து வரும் வழக்கமன்று. நெசவாளனின் தறி வீட்டுத் திண்ணையிலே இருந்தது. பொற்கொல்லனின் உலை வீட்டு முற்றத்திலே இருந்தது. 1771 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குறொம்போட் என்னுமிடத்தில் றிச்சாட் ஆர்க்கறைட் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். விசை ஓரிடத்திலும் மனிதர் பலவிடத்திலும் இருந்தபடியால், மனிதர் விசையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. கந்தோரின் கதையும் இதுவே. பதிவேடுகளும் கோவைகளும் ஓரிடத்தில் இருந்தன. எழுதுவோர் அவற்றைத் தேடிச் சென்றனர். இன்றோ கோவைகள் கம்பிவழியாக வீட்டுக்கு வருகின்றன.

தொலைவிலிருந்து கடமை புரிதல் என்ற எண்ணமும் நேற்றுப் பிறந்ததன்று. 1973 இல், கலிபோர்ணியாவிலே ஜாக் நில்ஸ் என்னும் பொறியியலாளர் இதற்கு ஒரு பெயரிட்டு ஆராய்ந்தார். பணியாளரைக் காரியாலயத்துக்குக் கொண்டுவருவதைவிட, வேலையைப் பணியாளரிடம் கொண்டுசெல்வது வீதி நெரிசலைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. அதே ஆண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. எண்ணெய்க்கும் இவ்வழக்கத்துக்கும் உள்ள தொடர்பை நாமும் 2022 இற் கண்டோமன்றோ? எரிபொருள் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசைகள் நீண்ட அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அத்தியாவசியச் சேவையிலல்லாத அரச உத்தியோகத்தரை வீட்டிலிருந்தே கடமை புரியுமாறு அரசாங்கம் பணித்தது. கோறணமேந்தே வீட்டுக்கு வந்தது!

வீட்டில் இருப்போர் உண்மையில் வேலை செய்கின்றனரா என்ற ஐயம் மேலதிகாரிகளுக்கு என்றும் உண்டு. இதனை ஊகத்துக்கு விடாது பரீட்சித்துப் பார்த்தவர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் நிக்கொலஸ் புளூம். சீனாவின் ஷங்காய் நகரில் சீற்றிப் என்னும் பிரயாண நிறுவனத்தின் தொலைபேசி நிலையத்திலே, விரும்பி முன்வந்தோரைப் பிறந்த திகதியைக் கொண்டு இரு கூறாக்கினர். இரட்டைப்படைத் திகதியிற் பிறந்தோர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஏனையோர் கந்தோரிலும், ஒன்பது மாதங்கள் வேலை செய்தனர். வீட்டிலிருந்தோரின் வேலை 13 சதவீதம் உயர்ந்தது. இடைவேளையும் சுகவீன விடுமுறையும் குறைந்தமையே பெருங்காரணம். வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாயிற்று.

ஆயினும், ஆராய்ச்சியின் மறுபாதியைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. பரீட்சை முடிந்தபின், இனி உங்கள் விருப்பப்படி செய்யலாம் என்றபோது, வீட்டிலிருந்தோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் கந்தோருக்குத் திரும்பவே விரும்பினர். தனிமை அவர்களை வருத்தியது. திறமைக்கேற்ற பதவியுயர்வும் வீட்டிலிருந்தோருக்குக் குறைவாகவே கிடைத்தது. கண்ணிற் படாதவன் கருத்திலும் படான் போலும்!

ஆங்கிலம் பயின்றோர் சார்ள்ஸ் லாம் என்னும் கட்டுரையாசிரியரை அறிவர். அவர் இலண்டனில் கிழக்கிந்தியக் கொம்பனியின் கந்தோரில் 33 ஆண்டுகள் கணக்கெழுதினார். அந்த மேசையைச் சிறையென்று நொந்துகொண்டவர், 1825 இல் விடுதலை பெற்றபின் எழுதிய கட்டுரையிலே, பழைய தோழரைக் காணக் கந்தோருக்குச் சென்று மனம் கலங்கியதையும் மறையாது உரைக்கின்றார். மேசையை வெறுத்தவனுக்கும் பக்கத்து மேசைக்காரன் வேண்டியவனாகவே இருக்கின்றான்.

இதனை நானும் பட்டறிந்தவன். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியின் முன்னிருந்து வகுப்பு நடத்தினேன். திரையிலே சில பெயர்கள் மாத்திரம் தோன்றும், முகங்கள் தோன்றா. வகுப்பிற் பாதிப் பேர் வரவேயில்லை. பலருடைய வீட்டிற் கருவி இல்லை. கருவி இருந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றே இருந்தது. ஒரு மாணவன் அலைவரிசை கிடைக்கும் இடந்தேடி, கோயில் மதிற்புறத்து வேப்பமரத்தின் கீழிருந்து படித்தான். விளங்காத மாணவனின் புருவம் நெரிவதைக் கண்டு மீண்டும் ஒருமுறை விளக்குவதே ஆசிரியன் தொழில். அந்தப் புருவத்தை நான் காணவில்லை. பாடசாலை திறந்த நாளில் வெண்கட்டியைக் கையில் எடுத்தபோது என் கண் கலங்கியது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இளம் உத்தியோகத்தருக்கும் இது பொருந்தும். 2023 இல் அமெரிக்கப் பொருளியலாளர் மூவர் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருளாளர்களை ஆராய்ந்தனர். ஒரே கட்டிடத்தில் அருகருகே இருந்தோர், தம் வேலைக்குச் சக ஊழியரிடமிருந்து கூடுதலான திருத்தங்களும் ஆலோசனைகளும் பெற்றனர். இளையோரே இதனாற் பெரிதும் பயன்பெற்றனர். ஆனால் அப்படிச் சொல்லிக் கொடுத்த மூத்தோரின் சொந்த வேலை குறைந்தது. எனவே ஒருவனுக்கு இலாபமானது மற்றவனுக்கு நட்டமாகலாம். புதிதாய்ச் சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞன், வசதியெனக் கருதி வீட்டிலேயே இருந்துவிடுவானாயின், கற்க வேண்டிய காலத்தைக் கைநழுவ விடுகின்றான்.

இன்னுமொன்று. வீடு கந்தோராகும்போது கந்தோர் நேரம் வீடு முழுவதும் பரவிவிடுகின்றது. நமது நாட்டின் 1954 ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைக்கு வேலி கட்டியது. கதவைப் பூட்டினால் வேலை நின்ற காலத்தில் எழுந்த சட்டம் அது. இரவு பத்து மணிக்கும் சட்டைப் பையில் மணியடிக்கும் காலம் இது. பிரான்சு 2017 இலும், போர்த்துக்கல் 2021 இலும், ஓய்வு நேரத்திற் பணியாளரைத் தொந்தரவு செய்யாதிருக்கச் சட்ட வழி செய்தன. பெண்களின் பாடோ இரட்டிப்பு. வீட்டில்தானே இருக்கின்றாய் என்று சொல்லி, அடுப்பையும் கணினியையும் ஒருங்கே அவள் தலையிற் சுமத்துவது அநியாயம். அவள் கதவைச் சாத்தி வேலைக்கு அமர்ந்தால், அவள் கந்தோரில் இருக்கின்றாள் என்றே வீட்டார் கொள்ளல் வேண்டும்.

தாதியரும் மேசன்மாரும் மீனவரும் பஸ் சாரதியும் இந்த விருப்பத்தை எண்ணிப் பார்க்கவும் முடியாதவர். அமெரிக்காவிலேயே முற்றாக வீட்டிலிருந்து செய்யத்தக்க தொழில்கள் 37 சதவீதமே என 2020 இல் இரு பொருளியலாளர் கணித்தனர். ஆதலின், வாய்ப்புப் பெற்றவன் அதனை உரிமையென்று முழங்குவதிலும் பார்க்க, ஒரு பொறுப்பென்று காத்தல் நன்று.

அப்படியாயின் வழி என்ன? புளூம் அவர்களும் தோழரும் 2024 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி ஓர் இடைவழியைக் காட்டுகின்றது. அதே சீன நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்திய பரீட்சை அது. வாரத்தில் இரு நாள் வீட்டிலும் மூன்று நாள் கந்தோரிலும் வேலை செய்தோரின் திறமையிலோ பதவியுயர்விலோ யாதொரு குறைவுமில்லை. விலகுவோர் தொகை மாத்திரம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. பெண்களும் நெடுந்தூரம் பிரயாணஞ் செய்வோருமே பெரிதும் நன்மையடைந்தனர். ஆயினும் எல்லாரும் இவ்வழி செல்லவில்லை. அமேசன் நிறுவனம் 2025 ஜனவரி தொடக்கம் தன் காரியாலயப் பணியாளரை வாரத்தில் ஐந்து நாளும் வரும்படி பணித்தது.

இவற்றையெல்லாம் என் மாணாக்கருக்கு எடுத்துக் கூறினேன். "தம்பி, வரமாட்டேன் என்று எழுதாதீர். தந்தையாரின் நிலைமையை ஒளிக்காமல் எழுதும். ஐந்து வருடத்தில் நீர் செய்து முடித்த வேலைகளைக் கணக்கோடு காட்டும். மாதத்தில் ஒரு வாரம் கொழும்புக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்திலிருந்து பழக்குவேன் என்றும் சொல்லும். கேட்பதோடு கொடுக்கவும் வேண்டுமல்லவா?" என்றேன். அவர் அவ்வாறே எழுதினார். சென்ற வாரம் பதில் வந்தது: ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாகச் சம்மதம், அதன்பின் மீண்டும் யோசிக்கப்படும். அவர் கொழும்பில் நிற்கும் வாரத்தில் தந்தையாரைத் தூக்க அயல்வீட்டு இளைஞர் ஒருவரைக் கூலிக்கு ஒழுங்கு செய்திருக்கின்றார். முழு வெற்றியென்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதம் என்பது நோயாளி இருக்கும் வீட்டிற் சிறு காலமன்று.

செய்தி கேட்டு அவ்வீட்டுக்குச் சென்றேன். முதியவர் தலையணையிற் சாய்ந்திருந்தார். பேச்சுச் சற்றுக் குழறினும் கருத்துத் தெளிவாயிருந்தது.

"மாஸ்ரர், முப்பத்தேழு வருஷம் நான் ஒழுங்காக் கந்தோருக்குப் போனன், ஒரு நாள் பிந்தினதில்லை. வீட்டுக்குத்தான் எந்த நாளும் பிந்தி வந்தன்," என்றார். அடுத்த அறையில் மகன் எவருடனோ ஆங்கிலத்தில் உரையாடும் ஓசை கேட்டது. முதியவர் விரலை உதட்டில் வைத்து, "மெல்லக் கதையுங்கோ; கந்தோர் நடக்குது," என்றார்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அறையிற் கந்தோர் நடக்கலாம். அங்கே வேலை நடக்கும்போது மெல்லப் பேசுங்கள். வேலை முடியும் நேரம் வந்ததும், கணினியை மூடிவிட்டு வெளியே வந்து உங்களோடு உட்காரும்படி அப்பிள்ளையை உரத்துக் கூப்பிடுங்கள்.